முதல் மரவில்: லாங்போவா, ரிகர்வா, குதிரைவில்லா?

மிசூரிக்காரர் ஹாலிஸ் வில்பர் ஆலன், நுனிகளில் கப்பி பூட்டிய ஒரு வில்லுக்கு 1966-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969 கடைசியில் அது கிடைத்தது. காம்பவுண்டு வில் என்று இன்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் அதுதான். அதற்குப் பிறகு அமெரிக்க வேட்டைக்காடுகளில் பெரும்பாலான கைகள் அதற்கே மாறிவிட்டன. மாறியதில் வியப்பில்லை. இழுக்க 70 பவுண்டு விசை கேட்கும் வில்லை முழுசாக இழுத்து முடித்ததும் கப்பி திரும்பி, எடையில் 80 சதவீதத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. கையில் மிஞ்சுவது 14 பவுண்டு. குறி பார்க்க ஊசி, நாணை விட ஒரு விசை, நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் அம்பு எல்லாம் உண்டு.

இவ்வளவும் கடையில் கிடைக்கும்போது, ஊசியும் கப்பியும் இல்லாத மரவில்லை ஏன் ஒருவர் வாங்க வேண்டும்? ஆனாலும் வாங்குகிறார்கள். கையால் வில் செய்யும் நல்ல கலைஞர்களிடம் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நானும் மரவில் பக்கம்தான். ஆனால் "மரவில்" என்பது ஒரே பொருள் இல்லை. லாங்போ, ரிகர்வ், ஒற்றை மரத்தில் செதுக்கிய வில், குதிரைவில் என்று நான்கு குடும்பங்கள் உண்டு. நான்கும் உங்களிடம் வெவ்வேறு உழைப்பைக் கேட்கும். முதல் வில் வாங்கப்போகிறவருக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

மரவில்லின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் இஷியைச் சொல்வேன். கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த மனிதர் அவர். 1911 ஆகஸ்டில் ஓரோவில் ஊருக்கு அருகே தனியாக வெளியே வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்க வைக்கப்பட்ட அவருக்கும், அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப்புக்கும் நட்பு உண்டானது. ஜூனிப்பர் மரத்தில் முதுகுப்பக்கம், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறம், தசைநார் ஒட்டிய வில்லை எப்படிச் செய்வது, எப்படி எய்வது என்று போப் அவரிடம்தான் கற்றார். இஷியின் வில் இன்றைய கணக்கில் பெரிய பலம் கொண்டதில்லை. அவர் நம்பியது நெருக்கத்தை. விரலை உதட்டில் வைத்து அடிபட்ட முயலின் குரலை எழுப்புவார். மற்ற விலங்குகள் என்னவென்று பார்க்கத் தாமாக அருகில் வரும். 1916-ல் இஷி இறந்தார். போப்பும் அவருடைய நண்பர் ஆர்தர் யங்கும் அந்த வித்தையைத் தொடர்ந்தார்கள். இன்றைய அமெரிக்க வில்வேட்டையின் வேர் அங்கே இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் 1934-ல் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஒன்றை அறிவித்ததும், அதற்கு முந்தைய ஆண்டு டெட்ராய்ட்டில் ஃபிரெட் பேர் சிறிய அளவில் வில் தொழில் தொடங்கியதும் இந்த ஆர்வத்தின் தொடர்ச்சிதான்.

காம்பவுண்டு உங்கள் தூரத்தை நீட்டித் தருகிறது. மரவில் உங்களையே இலக்கின் அருகே போகச் சொல்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சருகு எங்கே கிடக்கிறது, மான் எப்போது தலையைத் தாழ்த்துகிறது என்பதையெல்லாம் கவனித்தே ஆக வேண்டும். அந்தக் கவனம் பிடிப்பவருக்கு மரவில் பிடிக்கும். பிடிக்காதவர் அதை வாங்கி அலமாரியில்தான் வைப்பார்.

சரி, வில்லுக்கு வருவோம். கடையில் எல்லோரும் முதலில் வடிவத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இழுவை எடை. வில்லின் மேல் "45 # @ 28" என்கிற மாதிரி எழுதியிருக்கும். நாணை 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு என்று பொருள். உங்கள் கை நீளம் 26 அங்குலம் இழுக்கத்தான் இடம் கொடுக்கும் என்றால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு வீதம் குறைந்து சுமார் 40 பவுண்டுதான் கிடைக்கும். நம்மில் பலருக்கு இழுவை நீளம் 28-க்குக் குறைவாகவே இருக்கும் என்பதால் இதை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். காம்பவுண்டில் கப்பி சுமக்கும் எடையை இங்கே உங்கள் முதுகுத் தசை சுமக்கிறது, அதுவும் குறி பார்க்கும் நேரம் முழுவதும். ஜிம்மில் நன்றாக எடை தூக்குகிற ஆள்கூட 50 பவுண்டு வில்லைக் கன்னம்வரை இழுத்து நிறுத்தத் திணறுவார். அந்தத் தசைகளுக்கு அன்றாடம் வேறு வேலையே இல்லை.

எடை மிஞ்சிய வில்லோடு பழகினால் வரும் கெடுதல் உடம்புவலியோடு நிற்காது. நாண் கன்னத்தைத் தொடுவதற்குள் விரல் விட்டுவிடும். மனம் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளும். அப்புறம் லேசான வில்லைக் கொடுத்தாலும் அந்த அவசரம் போகாது. ஆண்டுக்கணக்கில் அதோடு போராடுகிறவர்கள் உண்டு. பழகாத ஆணுக்கு 30 முதல் 35, பெண்ணுக்கு 25 முதல் 30 பவுண்டு போதும் என்பதே என் கருத்து. வேட்டைக்கு இது போதாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மானுக்கு 35, 40 பவுண்டு என்று குறைந்தபட்சம் வைத்திருக்கின்றன. அலாஸ்காவில் மானுக்கு 40, மூஸ் போன்ற பெரிய விலங்குக்கு 50. அந்த எடைக்கு நிதானமாக ஏறிப் போகலாம்.

ஏறிப் போகலாம் என்றால் ஒவ்வொரு தடவையும் புது வில் வாங்க வேண்டுமா? வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரும்பாலானவர்களுக்கு முதல் வில்லாகக் கழற்றி மாட்டும் ரிகர்வைச் சொல்கிறேன்.

ரிகர்வ் என்பது நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில். ஓய்வில் இருக்கும்போது நாண் அந்த வளைவின்மேல் படிந்திருக்கும். இழுக்க இழுக்க வளைவு பிரிந்து திறக்கும். இதனால் இழுப்பின் தொடக்கத்திலேயே அதிக விசை சேர்கிறது. கடைசி இரண்டு அங்குலத்தில் திடீரென்று கனப்பதில்லை. அதே எடையுள்ள லாங்போவைவிடக் கொஞ்சம் வேகமாகவும் அம்பு போகும். கழற்றி மாட்டும் வகையில் நடுப்பிடி ஒன்று, மேலும் கீழும் வளையும் லிம்புகள் தனி. 30 பவுண்டு லிம்போடு தொடங்கி, உடம்பு பழகியதும் 40, 45 என்று லிம்பை மட்டும் மாற்றலாம். ஐஎல்எஃப் என்கிற பொது அளவில் செய்த நடுப்பிடி வாங்கினால் அதே அளவில் செய்த எந்த நிறுவனத்தின் லிம்பும் பொருந்தும். அமெரிக்காவில் 150, 200 டாலருக்கே பழகுவதற்கு நல்ல ரிகர்வ் கிடைக்கிறது. கழற்றிப் பையில் வைத்தால் பயணத்துக்கும் எளிது. 60 அங்குல ரிகர்வை மரத்தின்மேல் கட்டிய பரணிலிருந்து எய்யும்போது கிளையிலோ காலிலோ நுனி இடிக்காது. வெள்ளைவால் மானைப் பரணிலிருந்து வேட்டையாடுபவர்களில் பலர் குட்டை ரிகர்வை விரும்புவது இதனால்தான்.

வீட்டில் பிள்ளையும் பழகப்போகிறது, நாளைக்குப் போட்டிக்கும் போகலாம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். வில்வித்தை 1972-ல் ஒலிம்பிக்கிற்குத் திரும்பியதிலிருந்து அங்கே ரிகர்வ் மட்டும்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் காம்பவுண்டுக்குக் கலப்பு அணிப் போட்டி ஒன்று சேர்கிறது, அவ்வளவே.

ரிகர்வுக்கும் குறை உண்டு. லிம்ப் அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் பிடித்த கை லேசாக முறுக்கினாலும் அம்பு பக்கவாட்டில் போய்விடும். நாண் வளைவின்மேல் அடித்து வந்து படிவதால் சத்தமும் கொஞ்சம் கூடுதல்; நாணில் கம்பளிக் குஞ்சமோ ரப்பர் இழையோ கட்டி அடக்க வேண்டும். காலுக்கிடையில் வைத்து வளைத்து நாணேற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

இந்த மூன்று குறையும் இல்லாத வில் லாங்போ. எனக்கு நெருக்கமானதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 66, 68 அங்குல நீளம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அகலம் குறைவு, தடிமன் அதிகம். அப்படிப்பட்ட கட்டை எளிதில் முறுக்காது. ஆகவே களைத்துப்போன மாலையில், கை நடுங்கும் குளிரில், பிடி கொஞ்சம் பிசகினாலும் அம்பு பெரிதாக வழி மாறாது. நாண் லிம்பைத் தொடுவதே இல்லை என்பதால் விடும்போது மெத்தென்ற ஓசைதான் வரும். காட்டில் இது சின்ன விஷயமில்லை என்று கீழே காட்டுகிறேன்.

லாங்போ என்றதும் எல்லோருக்கும் இங்கிலாந்து நினைவுக்கு வரும். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலை 1982-ல் தூக்கினார்கள். அதிலிருந்து 137 முழு வில்களும் 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. வில்கள் எல்லாம் யூ மரம். அந்த மரத்தின் உள்வயிரம் அழுத்தத்தைத் தாங்கும், வெளிப்பக்க வெண்கட்டை இழுப்பைத் தாங்கும். இயற்கையே இரண்டு பொருளை ஒட்டிக் கொடுத்த மாதிரி. அவற்றின் இழுவை எடை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய போர்வீரர்களின் வில் அது. அதைக் கேள்விப்பட்டுவிட்டு 70 பவுண்டு ஆங்கில லாங்போ வாங்க நினைப்பவரைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இன்று வேட்டைக்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க வகை. 1930-களில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் குளோப்ஸ்டெக் போன்ற இயற்பியலாளர்கள் வில் எப்படி வளைகிறது என்று கணக்குப் போட்டார்கள். பழைய ஆங்கில வில்லின் உருண்ட வயிற்றைவிட (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) தட்டையான லிம்ப் மரத்தின் பலத்தைச் சமமாகப் பயன்படுத்துகிறது என்று கண்டார்கள். பிறகு மரத் தகடுகளுக்கு இருபுறமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டும் முறை வந்தது. மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரி எய்யும் வில் அதனால் சாத்தியமானது. ஹாலிவுட்டின் 1938 ராபின் ஹூட் படத்தில் அம்புகளை எய்து கொடுத்த ஹோவர்ட் ஹில் கடைசிவரை லாங்போவையே பிடித்தார். அவர் பெயரில் இன்றும் விற்கும் நேர்க்கோட்டு வடிவத்தில் ஒரு சிக்கல்: அம்பு கிளம்பியதும் பிடித்த கையில் ஓர் அதிர்ச்சி தாக்கும். சிலருக்கு முழங்கை வலிக்கும். பிடியருகே உள்வாங்கி நுனியில் வெளியே சாய்ந்த நவீன லாங்போவில் இந்த அதிர்ச்சி வெகுவாகக் குறைவு, வேகமும் ரிகர்வை நெருங்குகிறது. வாங்குவதென்றால் இதை வாங்குங்கள். ஆனால் எடையை ஏற்றிக்கொண்டு போக முடியாது, ஒரே எடைதான். நல்ல கலைஞர் செய்த வில் 800, 1,000 டாலரைத் தொடும். அதனால்தான் இதை இரண்டாவது வில் என்கிறேன்: ரிகர்வில் பழகி, உங்கள் எடையும் இழுவை நீளமும் நிலைத்த பிறகு வாங்க வேண்டியது.

ஒரே மரத்துண்டில் செதுக்கிய வில்லை விலை கொடுத்து வாங்குவதைவிட நீங்களே செய்வது நல்லது. அதன் இன்பம் முழுக்கச் செய்வதில் இருக்கிறது. ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் முதுகுப்பக்கம் ஒரே ஆண்டு வளையத்தை அறுக்காமல் நுனிமுதல் நுனிவரை பின்பற்றிச் சீவ வேண்டும். ஓரிடத்தில் வளையத்தை வெட்டிவிட்டால் அங்கேயே பிளக்கும். ஹிக்கரி இன்னும் பொறுமையான மரம், முதல் முயற்சிக்கு அதுதான் ஏற்றது. அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே சீராக வளைகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுரண்டும் வேலை. அவசரப்பட்டவர் கையில் விறகுதான் மிஞ்சும். செய்து முடித்த வில்லும் ஈரக்காற்றில் சோம்பும், வறட்சியில் விறைக்கும், நாளடைவில் நாண் பக்கம் கொஞ்சம் வளைந்தே நிற்கும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். இதையெல்லாம் தொல்லையாக எண்ணாதவருக்கு இதைவிடப் பெரிய நிறைவு இல்லை.

குதிரைவில்லின் வழியே வேறு. துருக்கி, மங்கோலியா, கொரியா, ஹங்கேரி என்று பரந்த குடும்பம் அது. மூல வடிவத்தில் வயிற்றுப்பக்கம் எருமைக் கொம்பு, முதுகில் தசைநார், நடுவில் மரமோ மூங்கிலோ, எல்லாவற்றையும் ஒட்டுவது மீன் பசை. கொரியாவில் இன்றும் அந்த முறையில் செய்து, 145 மீட்டர் தள்ளி இருக்கும் பலகையை நோக்கி எய்கிறார்கள். துருக்கியின் வில்மரபு 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் ஒட்டிய நகல்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் வில்லில் அம்பு வைக்கத் திட்டு இருக்காது. உங்கள் கைமுட்டியின்மேல்தான் அம்பு ஓடும். 50 அங்குல வில்லை முழுசாக இழுத்தால் நாண் கூராக மடிந்து மூன்று விரலையும் நசுக்கும் என்பதால் கட்டைவிரலில் மோதிரம் மாட்டி இழுக்கும் முறை வேண்டும். அதைக் கற்றுத்தர ஆள் அருகில் இருந்தால் அருமையான வில். இல்லையென்றால் முதல் வில்லாக இது வேண்டாம். ரிகர்வில் பழகிய மூன்று விரல் பழக்கத்தோடு இதைப் பிடித்துக் கைவிட்டவர்கள் நிறைய.

இனி வேட்டை. 50 பவுண்டு லாங்போ 32 கிராம் அம்பை நொடிக்குச் சுமார் 52 மீட்டர் வேகத்தில் விடும். காம்பவுண்டு அம்பின் ஆற்றலில் இது பாதிக்கும் குறைவு. 18 மீட்டரில் நிற்கும் மானை அம்பு அடைய ஏறக்குறைய 0.35 நொடி, நாணின் ஓசை போய்ச் சேர 0.05 நொடி. இடையில் கிடைக்கும் 0.3 நொடியில் வெள்ளைவால் மான் ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்திவிடும். நுரையீரலைக் குறிவைத்து விட்ட அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது பட்டும் படாமல் காயம் மட்டும் ஆகும். லாங்போவின் அடங்கிய ஓசை பெரிது என்று சொன்னது இதற்காகத்தான். 10 மீட்டர் என்றால் அம்புக்கு 0.2 நொடிகூட ஆகாது. ஆகவே மரவில்லோடு போகிறவர் தன் எல்லையை 15, 18 மீட்டரில் வைத்துக்கொண்டு அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் நாணைத் தொடாமல் இருக்க வேண்டும். அம்பு விலங்கைக் கொல்வது இரத்தப்போக்கால். வேகம் குறைந்த வில்லுக்குக் கனமான அம்பும், சவரக்கத்திபோல் தீட்டிய இரண்டு அலகு முனையும்தான் ஆழம் கொடுக்கும். ஒரே அம்பு யானையில் பாய்ந்து புலி, மான், பன்றி என்று துளைத்துக் கடைசியில் உடும்பில் போய்த் தைத்ததாக வல்வில் ஓரியின் வேட்டையைப் புறநானூறு 152-வது பாட்டு பாடுகிறது. புலவர் மிகைப்படுத்தினாலும், வில்லாளியின் பெருமையை வேகத்தில் காட்டாமல் ஊடுருவலில் காட்டியது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்த பருவத்திலேயே மான் இறைச்சி வேண்டும், வாரத்தில் ஒரு நாள்தான் பயிற்சிக்கு நேரம் என்றால் காம்பவுண்டையே வாங்குங்கள். இதை மரவில் பிடிப்பவனாகவே சொல்கிறேன். ஊசியும் கப்பியும் இல்லாமல் கண்ணும் கையும் தாமாக இலக்கில் சேர, அநேகமாகத் தினமும் கொஞ்சமாவது எய்தாக வேண்டும். அந்த உழைப்பைக் கொடுக்க முடியாதபோது மரவில்லோடு காட்டுக்குப் போனால் துன்பப்படுவது விலங்கு.

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். வில் என்றாலும் விலக்கில்லை. லாங்போவின் தாய்வீடான பிரிட்டனிலும் வில்வேட்டைக்கு அனுமதி இல்லை, ஜெர்மனியிலும் இல்லை. இங்கெல்லாம் மரவில் என்றால் பலகையும், காட்டுக்குள் நுரைரப்பரில் செய்த விலங்கு உருவங்களை எய்யும் 3டி போட்டியும்தான். 3டி போட்டியில் லாங்போவுக்கே தனிப் பிரிவு உண்டு. தூரம் சொல்லமாட்டார்கள், கண்ணால் அளந்து எய்ய வேண்டும். இந்தியாவில் மூங்கில் வில்லுக்கென்றே "இந்தியன் ரவுண்ட்" என்ற போட்டிப் பிரிவு இருக்கிறது. ஜார்க்கண்டின் தீபிகா குமாரி மூங்கில் வில்லில் தொடங்கி ஒலிம்பிக் வரை போனவர். ஆகவே தமிழ்நாட்டில் இருந்து கேட்பவருக்கு என் பதில்: பக்கத்தில் பயிற்சி மையம் இருந்தால் அங்கே என்ன வில்லோ அதில் தொடங்குங்கள், மூங்கில் வில்லானாலும் சரி.

கடைசியாக, பணம் மிச்சம் பிடிக்கப் பழைய வில் வாங்குபவருக்குச் சில குறிப்புகள். 1960, 70-களில் ஃபிரெட் பேர் நிறுவனம் செய்த ரிகர்வுகள் இன்றும் நல்ல நிலையில் கைமாறுகின்றன. நாணேற்றிய வில்லை நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். நாண் லிம்பின் நடுவில் ஓட வேண்டும், ஒதுங்கினால் முறுக்கு. லிம்ப் முழுதும் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், இழை சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கலாம். மேல்பூச்சில் மட்டும் உள்ள நூல்கோடுகள் அந்தக் காலத்து வில்லில் சகஜம், நகத்தில் தட்டுப்பட்டால் மட்டும் கவலைப்படுங்கள். முக்கியமாக, இன்றைய நீளாத நாணை அதில் மாட்டாதீர்கள்; நுனி பிளந்துவிடும். கொஞ்சம் நீளக்கூடிய டாக்ரான் நாண் கேட்டு வாங்குங்கள், கூடவே காலில் மிதித்து நாணேற்றும் ஸ்ட்ரிங்கர் கயிறும்.